1776-ஐத் தாண்டாத ஒரு மாதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

டல்லாஸில் வேலை பார்த்துக்கொண்டே பட்டப்படிப்பில் சேர்ந்திருக்கிறேன். கிளெப் தேர்வில் தேறினால் வகுப்புக்குப் போகாமலேயே கிரெடிட் (பட்டத்துக்குக் கணக்கில் சேரும் பாட மதிப்பு) கிடைக்கும் என்பதால் அமெரிக்க வரலாறு முதல் பகுதியை எடுத்தேன். ஒரு மாதமாக இரவில் பாடநூலை அடிக்கோடிட்டுப் படிக்கிறேன். இன்னும் 1776-ஐத் தாண்டவில்லை, படித்ததும் நிற்கவில்லை. தேர்வுக்கு ஆறு வாரம்தான் இருக்கிறது. என்ன செய்வது?

ம.

அன்புள்ள ம.,

முதல் பக்கத்திலிருந்து படித்துக்கொண்டு போவதை இன்றே நிறுத்துங்கள். தேர்வை நடத்தும் காலேஜ் போர்டு, எந்தக் காலத்திலிருந்து எவ்வளவு கேட்கும் என்பதை வெளிப்படையாகவே சொல்லியிருக்கிறது. 1500 முதல் 1789 வரை 30 சதவீதம். 1790 முதல் 1877 வரை 70 சதவீதம். உங்கள் ஒரு மாத உழைப்பு முழுவதும் அந்த 30-க்குள் போயிருக்கிறது. இனி நேரத்தில் பெரும்பங்கை 1790-க்குப் பிந்தைய காலத்துக்குக் கொடுங்கள்.

அடிக்கோடிட்ட வரியைத் திரும்பப் பார்த்தால் எல்லாம் தெரிந்ததுபோலவே இருக்கும். 2006-ல் ரோடிகர், கார்பிக் என்ற இரு உளவியலாளர்கள் இதைச் சோதித்தார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது, திரும்பத் திரும்பப் படித்த மாணவர்கள் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது, மூடிவைத்துவிட்டு நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள் முந்தினார்கள்.

நீங்களும் அப்படி எழுதிப் பாருங்கள். 1820-ல் மிசௌரி சமரசம் அடிமை முறைக்கு எங்கே எல்லை போட்டது, 1854-ல் கேன்சஸ்-நெப்ராஸ்கா சட்டம் அந்த எல்லையை எப்படி நீக்கியது, 1857-ல் டிரெட் ஸ்காட் என்ற அடிமையின் வழக்கில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு என்ன சொன்னது? உங்கள் வார்த்தையில், தமிழில்கூட எழுதலாம். பேனா நிற்கிற இடத்துக்கு மட்டும் புத்தகத்தைத் திறங்கள். மூன்றையும் ஒரே கதையாகக் கோத்துவிட்டால் 1861-ல் உள்நாட்டுப் போர் ஏன் வெடித்தது என்பது பாதி விளங்கிவிடும்.

அப்புறம் மாதிரித் தேர்வு. 90 நிமிடத்தில் 120 கேள்விகள், அதாவது ஒன்றுக்கு முக்கால் நிமிடம். வாரம் ஒருமுறை கடிகாரம் வைத்து எழுதுங்கள். தவறான விடைக்கு மதிப்பெண் கழிப்பதில்லை, ஒன்றையும் விடாதீர்கள்.

இந்தப் பாடத்துக்கு கிரெடிட் உண்டா, எத்தனை மதிப்பெண் வேண்டும் என்று உங்கள் கல்லூரியில் நேரில் கேட்டுவிடுங்கள். 50 மதிப்பெண் என்பது பொதுவான பரிந்துரைதான், கூடுதலாகக் கேட்கும் கல்லூரிகளும் உண்டு. தவறினால் மறுபடி எழுத மூன்று மாதம் காத்திருக்க வேண்டும். வேலைக்குப் போய்க்கொண்டு படிக்கும் உங்களுக்கு அது பெரிய இழப்பு, அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

முதல் மாதிரித் தேர்வில் எத்தனை சரியாக வந்தது என்று எனக்கு எழுதுங்கள்.