கையால் பொருள் செய்து, மண்ணைக் கெடுக்காமல் வாழ்கிறவர்களில் உங்கள் மனதில் நிற்பவர் யார்?

என் மாமி. அப்பாவின் அக்கா. கன்னியாகுமரி மாவட்டத்தில் திங்கள்சந்தைக்குப் பக்கத்து ஊர். வயது 71. இன்றும் பனையோலையில் பெட்டி முடைகிறார்.

எங்கள் மாவட்டத்தில் கைவேலைக்குப் பஞ்சமில்லை. வடசேரியில் கோயில் நகை செய்கிறார்கள், மயிலாடியில் கல்லில் சிலை கொத்துகிறார்கள். தோவாளையில் அரளிப்பூவையும் நொச்சி இலையையும் மடித்துக் கட்டுகிற மாணிக்கமாலை, கல் பதித்த பாய் போலவே இருக்கும். எல்லாம் பெரிய வித்தைதான். ஆனால் வாழும் முறையையும் சேர்த்து நீங்கள் கேட்டிருப்பதால் எனக்கு மாமியின் அடுக்களைதான் கண்ணில் வருகிறது.

அடுப்புக்கு மேலே பரண். அதில் ஓலைப்பெட்டிக்குள் கருப்பட்டி. புகை படுவதால் மழைக்காலத்திலும் கருப்பட்டி கசியாது, பெட்டியையும் பூச்சி அரிக்காது. அந்தக் கருப்பட்டி சிரட்டையில் ஊற்றி எடுத்தது. அதனால்தான் பாதித் தேங்காயின் வடிவம். திண்ணையில் பனைநார்க் கட்டில். நான் சிறுபிள்ளையாக இருந்தபோது கிணற்றில் தண்ணீர் இறைத்ததுகூட ஓலைத் தோண்டியில்தான். சாணி சுமக்க, நெல் அள்ள, சந்தைக்குப் போக என்று ஆளுக்கொரு கடவம் (பெரிய ஓலைக்கூடை). கடற்கரை ஊர்களிலிருந்து மீன் கொண்டுவருகிற அக்காமாரும் அன்று கடவத்தில்தான் சுமந்து வந்தார்கள். பிறகு அலுமினியச் சட்டியும் பிளாஸ்டிக் கூடையும் வந்தன. கடவம் கிழிந்தால் விளிம்புக்குப் புது நார் போட்டுக் கட்டுவார்கள். அதற்கும் மேல் போனால் தென்னை மரத்தின் மூட்டில் (அடியில்) போடுவார்கள். அதோடு அது மண்.

மாமா பனையேறி. சீசனில் காலையும் மாலையும் ஏறி அக்கானி இறக்குவார் (வெளி மாவட்டத்தார் பதநீர் என்பது எங்களுக்கு அக்கானி). புளிக்காமலிருக்கக் கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவியிருக்கும். அவர் இறக்கியதை மாமி காய்ச்சுவார். விளையில் (தோட்டத்தில்) நிற்கிற யாருக்கும் ஓலையில் ஒரு பட்டை பிடித்து அதில் அக்கானி ஊற்றிக் கொடுப்பார்கள். குடித்து முடித்தால் பட்டையை ஆடு தின்னும். கார்த்திகைக்கு அரிசிமாவும் கருப்பட்டியும் தேங்காயும் குருத்தோலைக்குள் வைத்துக் கட்டி அவிக்கிற கொழுக்கட்டையின் மணத்தை நான் எழுதிக் காட்ட முடியாது. அந்த மணத்தில் பாதி ஓலையுடையது.

பெட்டி முடைவதைப் பார்க்க எளிதாக இருக்கும். விரியாத குருத்தை வெட்டி, வெயிலில் காயவைத்து, ஈர்க்கை நீக்கி, ஒரே அகலத்தில் கீறி எடுக்க வேண்டும். முடையும் முன் லேசாக நனைக்க வேண்டும். அதிகம் நனைந்தால் காய்ந்த பிறகு இழை தளரும், நனையாவிட்டால் மடிக்கும் இடத்தில் முறியும். நான் முதலில் உட்கார்ந்தபோது மாமி சொன்னது இவ்வளவுதான்: “வலிச்சு இழுக்காத மக்களே, கீறிப்போவும். ஓலை எந்தப் பக்கம் வளையும்னு ஒனக்க கைக்குத் தெரியணும்.” எனக்கு அது தெரியவே இரண்டு கோடை ஆனது.

2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தி எறிகிற 14 வகைப் பிளாஸ்டிக் பொருட்களுக்குத் தடை வந்தது. அந்த வருடம் ஓலைப்பெட்டியைத் தேட ஆரம்பித்தார்கள். வெளியூர்க் கடை ஒன்று கல்யாணத்துக்குக் கொடுக்க 200 சிறு பெட்டி கேட்டது. ஆடி மாதத்துக்குள் வேண்டும். நான்தான் சரி என்றேன். சேமித்து வைத்திருந்த ஓலை 100 பெட்டிக்குக்கூடப் போதவில்லை. மீதிக்கு ஆனி மழையில் வெட்டிய குருத்தை அவசரமாக உலர்த்தி முடைந்தோம். பத்து நாளில் பூசணம் பிடித்துவிட்டதென்று கடைக்காரர் எல்லாவற்றையும் திருப்பி அனுப்பினார். பணமும் வரவில்லை. எனக்கு அவர்மேல் கோபம். மாமிக்கு இல்லை. “மழையில காய்ஞ்ச ஓலை நிக்குமா? நான் சொன்னேனா இல்லியா?” என்று மட்டும் கேட்டார். பெட்டிகளை ஒவ்வொன்றாகத் துடைத்து, வெயில் கண்ட நேரமெல்லாம் வெளியே பரப்பி, பிறகு பரணில் புகை காட்டினார். முப்பது போல் தேறவில்லை. மற்றவை திருக்கார்த்திகைக்குள் உள்ளூரிலேயே விற்றுப்போயின.

அதற்குப் பிறகுதான் அவருடைய கணக்கு எனக்குப் புரிந்தது. எங்கள் மாவட்டத்துக்குத் தென்மேற்குப் பருவமழையும் உண்டு, வடகிழக்கும் உண்டு. ஓலை உலர்த்த ஏற்றது தையிலிருந்து சித்திரை வரைதான். அக்கானிக் காலமும் ஏறக்குறைய அதுவே. பனையேறி மரத்தில் இருக்கிற அந்த மாதங்களில் குருத்தும் இறங்கும், வருடம் முழுக்க முடைய வேண்டிய ஓலை கட்டுக்கட்டாகப் பரணுக்குப் போகும். பனைக்குக் கிளை கிடையாது, உச்சியில் ஒரே ஒரு வளர்முனை. வருடத்துக்குப் பத்துப் பன்னிரண்டு ஓலைதான் விடும். அதனால் ஒரு மரத்தில் ஒரு கோடைக்கு ஒரு குருத்துக்குமேல் எடுக்க மாமி விடமாட்டார். அதிகம் கேட்டு எந்தக் கடை வந்தாலும் இல்லை என்றுதான் பதில்.

இப்போது மாமாவால் ஏற முடிவதில்லை, முழங்கால் விட்டுவிட்டது. ஊரில் வேறு பனையேறியும் இல்லை. பாதி விளைகள் ரப்பருக்குப் போயின, பல பனைகள் செங்கல் சூளைக்குப் போயின. பக்கத்து ஊர்க்காரர் ஒருவர் மாசி மாதம் வந்து குருத்து வெட்டிக் கொடுக்கிறார். அவர் வராத வருடம் மாமியின் கை சும்மா இருக்கும். கைவினைஞரைப் பாராட்டுகிற பலர் மரம் ஏறுகிறவரை நினைப்பதில்லை என்பது என் மனக்குறை. பெட்டியை 60 ரூபாய் என்றால் 40-க்குக் கேட்கிறவர்கள், அந்த 60-இல் அவர் கூலியும் இருப்பதைப் பார்ப்பதில்லை. வாங்கிப்போய்க் கண்ணாடி அலமாரியில் வைக்கிறவர்களைப் பார்த்தாலும் எனக்கு வருத்தம்தான். வெங்காயம் போட்டு வையுங்கள், சந்தைக்குக் கொண்டுபோங்கள். நனைந்தால் வெயிலில் வையுங்கள். விளிம்பு விட்டால் எடுத்து வாருங்கள், மாமி கட்டித் தருவார்.

ஆவணியில் பனம்பழம் விழும்போது மாமி விதைகளைக் கிழங்குக்காகப் புதைப்பார். பொங்கலுக்குக் கிழங்கு பிடுங்கும்போது ஒரு வரிசையை மட்டும் தொடாமல் விட்டுவிடுவார். பனை பலனுக்கு வரப் பதினைந்து, இருபது வருடம் ஆகும் என்பது அவருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். சென்ற ஆண்டு விட்ட வரிசையில் பதினொன்று நிற்கிறது. ஆடு கடிக்காமலிருக்க அதற்கு வேலி கட்டும் வேலையை இந்த வாரம் என்னிடம் கொடுத்திருக்கிறார்.