100 எம்பிபிஎஸ் லைன் இருந்தும் ராத்திரி ரேங்க் மேட்சில் பிங் 300க்குத் தாவுகிறது. என்ன செய்யலாம்?

கேட்டவருக்குத் தேன்கனிக்கோட்டைப் பக்கம் ஒரு கிராமம். வாலரண்ட் என்கிற ஆன்லைன் துப்பாக்கிச் சண்டை கேம் ஆடுகிறார். பிங் என்பது நம் தகவல் கேம் சர்வருக்குப் போய்வர ஆகும் நேரம், மில்லிசெகண்டில்; குறைவாக இருந்தால்தான் நல்லது. 200 எம்பிபிஎஸ் பிளானுக்கு மாறலாமா, இல்லை விபிஎன் (நம் நெட்டை வேறொரு சர்வர் வழியாக அனுப்பும் சேவை) வாங்கலாமா என்று கேட்டிருக்கிறார். இப்போதைக்கு இரண்டும் வேண்டாம். முதலில் எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

எனக்குக் காவேரிப்பட்டணம். அப்பா மாங்காய் மண்டி வைத்திருக்கிறார், வீடும் மண்டியும் ஒரே காம்பவுண்டுக்குள். ஒரு மே மாதம் திடீரென்று ஆரம்பித்தது. பகலெல்லாம் 38, 40 என்று ஆடாமல் நிற்கிற பிங், ராத்திரி எட்டரைக்கு மேல் 200, 300 என்று குதிக்கும். ஸ்பீடு டெஸ்ட் போட்டால் 96 எம்பிபிஎஸ் காட்டும். கேபிள் அண்ணனுக்குப் போன் மேல் போன். அவர் மூன்று தடவை வந்து பார்த்தார். "லைட்டு பச்சையாத்தானே தம்பி எரியுது, உன் கேம்லதான் ஏதோ கோளாறு" என்று சொல்லி, அம்மா போட்ட டீயைக் குடித்துவிட்டுப் போனார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ரேங்க் வேறு கோல்டிலிருந்து சில்வருக்கு இறங்கிவிட்டது.

கடைசியில் பார்த்தால் குற்றவாளி எங்கள் மண்டி. திருட்டுக்குப் பயந்து அப்பா நாலு கேமரா மாட்டியிருந்தார். ஏதாவது அசைந்தால் மட்டும் பதிவு செய்து, அந்த வீடியோவை நெட்டில் ஏற்றிவைக்கிற வகை. மற்ற மாதங்களில் ராத்திரி அங்கே நாய்கூட நடக்காது. சீசனில் அப்படியா? பெங்களூரா காய் லோடு ஏற்ற லாரி வரும், பத்துப் பேர் கூடை தூக்கிக்கொண்டு நடப்பார்கள், நாலு கேமராவும் விடாமல் வீடியோவை மேலே தள்ளிக்கொண்டே இருக்கும். எங்கள் பிளானில் கீழே இறங்குவதற்குத்தான் 100, மேலே ஏறுவதற்கு வெறும் 10. லாரி வந்த ராத்திரியெல்லாம் நான் தோற்றிருக்கிறேன். கேபிள் அண்ணன் வீட்டுக்கு ஒரு பெட்டி செந்தூரா கொடுத்தனுப்பினேன். எதற்கென்று சொல்லவில்லை.

இதில் என்ன நடக்கிறதென்றால், கேம் அனுப்புவது மிகச் சின்னச் சின்னப் பொட்டலங்கள். வேகம் அதற்குத் தேவையே இல்லை, ஓரிரு எம்பிபிஎஸ் போதும். ஆனால் எடைமேடையில் பத்து லோடு லாரி வரிசையாக நிற்கும்போது, பின்னால் சைக்கிளில் ஒரு கூடையோடு வந்தவரும் அதே வரிசையில்தானே நிற்க வேண்டும்? ரௌட்டருக்குள்ளே அந்த வரிசைதான் நீள்கிறது. இதற்கு பஃபர்புளோட் என்று பெயர். ஸ்பீடு டெஸ்டின் பெரிய எழுத்து எண், மணிக்கு எத்தனை லாரி எடை போட முடியும் என்றுதான் சொல்லும். சைக்கிள்காரர் எவ்வளவு நேரம் நின்றார் என்று சொல்லாது. 200க்கு மாறினாலும் மேலே ஏறும் வேகம் கூடாவிட்டால் அதே கதைதான்.

உங்கள் வீட்டில் கேமரா இல்லாமல் இருக்கலாம். போன் தானாகப் போட்டோ ஏற்றுவது, யாராவது வீடியோ கால் பேசுவது, கம்ப்யூட்டரே பின்னால் அப்டேட் இறக்குவது, எதுவாகவும் இருக்கலாம். கண்டுபிடிக்க ஒரு வழி. கம்ப்யூட்டரில் கமாண்ட் பிராம்ப்ட் (கட்டளை தட்டச்சு செய்யும் ஜன்னல்) இரண்டு திறந்துகொள்ளுங்கள். ஒன்றில் உங்கள் ரௌட்டர் முகவரிக்கு, பெரும்பாலும் 192.168.1.1 என்று இருக்கும், நிற்காமல் பிங் ஓடவிடுங்கள். இன்னொன்றில் 8.8.8.8க்கு, அது வெளியே இருக்கும் கூகுள் சர்வர். ராத்திரி பிங் தாவும் நேரத்தில் பாருங்கள். ரௌட்டர் ஜன்னலிலேயே எண் குதித்தால் கோளாறு உங்களுக்கும் ரௌட்டருக்கும் நடுவில், அதாவது வைஃபையில். ரௌட்டர் வரை 1, 2 என்று சுத்தமாக இருந்து வெளியே மட்டும் குதித்தால், வீட்டில் மற்ற போன், கேமரா எல்லாவற்றையும் நெட்டிலிருந்து எடுத்துவிட்டு, கம்ப்யூட்டர் அப்டேட்டையும் நிறுத்திப் பாருங்கள். உடனே அடங்கிவிட்டால் எங்கள் வீட்டுக் கேஸ். அடங்காவிட்டால்தான் கேபிள்காரரைக் கூப்பிட வேண்டும்.

வைஃபை என்றால் அதிகம் யோசிக்காதீர்கள், ரௌட்டரிலிருந்து கம்ப்யூட்டருக்கு லேன் வயர் இழுத்துவிடுங்கள். நம் பக்கம் பழைய வீடுகளில் சுவரே கருங்கல். 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை அந்தச் சுவரைத் தாண்டுவதற்குள் செத்துவிடும், 2.4 தாண்டும், ஆனால் அக்கம்பக்கத்து வீட்டு ரௌட்டர் எல்லாம் அதில்தான் முட்டி மோதிக்கொண்டிருக்கும். லேன் வயர் 100 மீட்டர் வரை தாங்கும். நான் வெண்டிலேட்டர் வழியாக இழுத்தேன். முதல் வயரை எலி கடித்துவிட்டது, இரண்டாவதைப் பிவிசி குழாய்க்குள் விட்டேன்.

வரிசைப் பிரச்சினை என்றால் எஸ்கியூஎம் (வரிசை நீளாமல் ரௌட்டரே ஒழுங்குபடுத்தும் வசதி) உள்ள ரௌட்டர் வாங்கி, உண்மையில் வருகிற வேகத்தில் 85, 90 சதவீதத்துக்குக் கட்டிவைத்தால் சைக்கிளுக்குத் தனி வழி கிடைத்துவிடும். நெட் கம்பெனி கொடுக்கிற ரௌட்டரில் பொதுவாக இது இருக்காது. நான் செலவில்லாத வழியை எடுத்தேன்: கேமராவை மெமரி கார்டில் பதியவிட்டு, நெட்டில் ஏற்றுவதை நிறுத்தினேன். அப்பாவை ஒத்துக்கொள்ள வைக்க இரண்டு நாள் ஆனது.

லைன் கோளாறு என்று தெரிந்தால், கேபிள்காரரிடம் "நெட் ஸ்லோ" என்று சொல்லாதீர்கள், அவர் ஸ்பீடு டெஸ்ட் காட்டிவிட்டுப் போய்விடுவார். ஃபைபர் பெட்டியின் செட்டிங்ஸ் பக்கத்தில் வந்து சேரும் ஒளியின் அளவு டிபிஎம் கணக்கில் இருக்கும். மைனஸ் 20ஐ ஒட்டி இருந்தால் நல்லது. மைனஸ் 27 வந்துவிட்டால் எல்லையில் தொங்குகிறது என்று அர்த்தம். ஃபைபர் எங்கோ மடங்கியிருக்கும், இல்லை ஜாயிண்ட் சரியில்லை. ஆடிக் காற்றுக்குப் பிறகு புளியமரத்தில் கட்டிய லைனையெல்லாம் ஒரு தடவை பார்க்கச் சொல்லுங்கள்.

விபிஎன் பற்றி. ஒளி ஃபைபருக்குள் வினாடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் போகும். வாலரண்டின் மும்பை சர்வர் நமக்கு ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல். போய்வர ஒளிக்கு மட்டுமே 10 மில்லிசெகண்ட் ஆகும், சுற்றுவழியும் நடுவில் உள்ள ரௌட்டர்களும் சேர்ந்து முப்பது நாற்பது ஆகிவிடுகிறது. இதை எந்த விபிஎன்னும் குறைக்காது. உங்கள் நெட் கம்பெனி தப்பான ரூட்டில் சுற்றிவிடும்போது மட்டும்தான் அதற்கு வேலை. அப்போது பெரும்பாலும் பகலிலும் பிங் உயரமாகவே நிற்கும், ராத்திரி மட்டும் தாவாது. பெங்களூரில் இருந்தால் பிங் குறையும் என்று நினைப்பவர்களுக்கும் ஒன்று: கிருஷ்ணகிரியிலிருந்து அது 90 கிலோமீட்டர், ஒளிக்குப் போய்வர 1 மில்லிசெகண்டுகூட இல்லை.

இதெல்லாம் செய்தும் லைன் ஆடினால், கேம் விளையாடும் விதத்தை மாற்றுங்கள். ஆடாமல் நிற்கிற 70, ஆடுகிற 40ஐவிட எவ்வளவோ மேல். வாலரண்ட் சர்வர் வினாடிக்கு 128 தடவை கணக்குப் போடுகிறது. உங்கள் தகவல் 100 மில்லிசெகண்ட் தாமதித்தால் பன்னிரண்டு கணக்கு முடிந்துவிட்டது. சுவருக்குப் பின்னால் ஒளிந்த பிறகும் சாகிறோமே, அது ஏமாற்று இல்லை. சுட்டவன் திரையில் நீங்கள் இன்னும் வெளியே இருந்தீர்கள், சர்வர் அந்த நேரத்துக்குப் பின்னால் போய்ச் சரிபார்க்கிறது. அதனால் பிங் ஆடும் நாளில் மூலையைப் பிடித்துக்கொண்டு காத்திருக்காதீர்கள், எட்டிப் பார்க்கிறவனுக்குத்தான் முதலில் தெரியும். நான் அன்றைக்கு ஸ்மோக் (மறைப்புப் புகை) போடும் ஏஜென்ட், அதாவது கேம் பாத்திரம், எடுத்து, துப்பாக்கிச் சண்டையை மற்றவர்களுக்கு விட்டுவிடுவேன்.

ரேங்க் அழுத்துவதற்கு முன், ரேங்க் கணக்கில் சேராத டெத்மேட்ச் ஒன்று. அதில் பிங் கோடு குதித்தால் ரேங்க் இல்லை, இன்னும் நாலு பேர் நம்மை நம்பி வருகிறார்கள். கரண்ட் போனாலும் மேட்சை விட்டு ஓடியதாகத்தான் கேம் தண்டனை போடும். ரௌட்டருக்கும் ஃபைபர் பெட்டிக்கும் சின்ன யூபிஎஸ் வைத்திருக்கிறேன், லேப்டாப் என்பதால் ஒரு மேட்ச் முடிக்கலாம். மாதாந்திரப் பராமரிப்பு மின்தடையைப் பேப்பரிலேயே போட்டுவிடுகிறார்கள். அன்றைக்கு மண்டியில் உட்கார்ந்து அப்பாவுக்குக் கணக்கு எழுதுவேன்.