வாலட்டில் மீதி பிழையானால் அட்டவணையைப் பாருங்கள்

கொழும்பில் கிரிப்டோ வாலட் (பிட்காயின் போன்ற இணையப் பணத்தை வைக்கும் பணப்பை) மென்பொருள் எழுதும் நம் பிள்ளைகள் கேட்டவற்றுக்கு என் பதில்கள்.

வெள்ளவத்தையிலிருந்து: அண்ணா, ஒரே நேரத்தில் இரண்டு வரவு வந்தால் மீதி குறைகிறது. ஒரு நேரத்தில் ஒரு கோரிக்கை மட்டும் தொடும்படி பூட்டு (லாக்) போட்டும் சரிவரவில்லை.

தம்பி, நீங்கள் பூட்டியது எழுதும் இடத்தை. பழைய தொகையை அதற்கு முன்பே படித்துவிட்டீர்கள். மீதி 500 என்று வையுங்கள். ஒரு கோரிக்கை 500ஐப் படித்து 200 கூட்டுகிறது. அது எழுதி முடிக்குமுன் மற்றதும் அதே 500ஐப் படித்து 300 கூட்டுகிறது. 1000 வரவேண்டிய இடத்தில் 800 நிற்கும், அல்லது 700.

தரவுத்தள அட்டவணையில் மீதிக்கென்று ஒரு நிரல் (column) வைத்து அதை அழித்தழித்து எழுதுவதுதான் அடிப்படைப் பிழை. பழைய வங்கிப் புத்தகத்தை நினைத்துப் பாருங்கள்: ஒவ்வொரு வரவுக்கும் செலவுக்கும் புது வரி, எழுதியதில் கை வைப்பதில்லை. மீதி என்பது அந்த வரிகளின் கூட்டுத்தொகை. பரிவர்த்தனை அடையாளத்தையும், அதற்குள் எத்தனையாவது வெளியீடு என்ற எண்ணையும் சேர்த்து யுனிக் (திரும்ப வர முடியாதது) ஆக்கிவிட்டால் ஒரே வரவு இரண்டு தரம் பதியாது. பணம் வெளியே போகும்போது மட்டும் கணக்கை முதலில் பூட்டி, பிறகு கூட்டிப் பார்த்து, தரவுத்தளத்தின் அதே டிரான்சாக்‌ஷனுக்குள் செலவு வரியை எழுதுங்கள்.

தெஹிவளையிலிருந்து: தொகையைத் தசமத்தில் வைக்கலாமா?

தசமத்தைத் தோராயமாக வைக்கும் ஃப்ளோட் வகை வேண்டவே வேண்டாம். அதில் 0.1உம் 0.2உம் கூட்டினால் சரியாக 0.3 வராது. பிட்காயினை சடோஷியாக முழு எண்ணில் வையுங்கள். ஒரு பிட்காயின் 10 கோடி சடோஷி. ஈதரில் கவனம். ஒரு ஈதருக்கு, 1க்குப் பின் 18 பூச்சியம் போட்ட அளவு வெய் (ஈதரின் மிகச் சிறிய அலகு) என்பதால், 64 பிட் முழு எண் 9.22 ஈதரோடு நிரம்பிவிடும். அங்கே பெரிய எண்ணையும் துல்லியமாக வைக்கும் நியூமெரிக் வகைதான் சரி.

கொட்டாஞ்சேனையிலிருந்து: பெரிய மென்பொருளிலும் தரவுத்தளத்தால் சிக்கல் வந்ததா அண்ணா?

வந்தது. 2013 மார்ச்சில் பிட்காயின் சங்கிலியே (பரிவர்த்தனைகள் பதியும் பிளாக்செயின்) இரண்டாகப் பிரிந்தது. பிட்காயின் மென்பொருளின் 0.8 பதிப்பு லெவல்டிபி என்ற தரவுத்தளத்துக்கு மாறியிருந்தது. பழைய பதிப்புகளின் பெர்க்லி டிபி தரவுத்தளத்தில் பூட்டுகளின் எண்ணிக்கைக்கு ஒரு வரம்பு இருந்ததால், ஒரு பெரிய பிளாக்கை (பரிவர்த்தனைகளின் தொகுப்பு) அவை ஏற்கவில்லை. பிளாக்குகளை உருவாக்கும் மைனர்கள் 0.7க்குத் திரும்பித்தான் அதைச் சரிசெய்தார்கள்.

வவுனியாவிலிருந்து வந்து பம்பலப்பிட்டியில் வேலை செய்யும் தங்கை: பழைய மீதிகளைப் புது அட்டவணையில் ஆரம்ப வரியாகப் போட்டுவிடட்டுமா?

வேண்டாம் தங்கச்சி. பிழைத்த தொகையே புது அட்டவணைக்கும் வந்துவிடும். வைப்புகளைச் சங்கிலியிலிருந்தும், உள் மாற்றங்களைப் பழைய பதிவுகளிலிருந்தும் முதலிலிருந்து ஓட்டி எடுங்கள். பொருந்தாத கணக்குகளில் பணம் வெளியே போவதை நிறுத்திவைத்து, ஒவ்வொன்றாகக் கையால் பாருங்கள்.