கான்கார்டுக்குப் பத்தாயிரம் டாலர்: ஷேரா, ரொக்கமா?

கேள்வி: சியாட்டில் பக்கம் பெல்வியூவில் இருக்கிறோம். நானும் மனைவியும் சேர்ந்து வரி தாக்கல் செய்கிறோம். வருட வருமானம் சுமார் 2,40,000 டாலர். மீனம்பாக்கத்தில் விமான மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்ற அப்பா ஊரிலிருந்து வந்திருந்தார். அவரை இங்குள்ள விமான மியூசியமான மியூசியம் ஆஃப் ஃப்ளைட்டுக்குக் கூட்டிப்போனேன். அங்கே நிற்கும் முதல் போயிங் 747 விமானத்தின் சக்கரங்களைப் பார்த்தபடி அரை மணி நேரம் நகரவே இல்லை. அவரைக் கௌரவிக்க அந்த மியூசியத்துக்குப் பத்தாயிரம் டாலர் கொடுக்க ஆசை. கம்பெனி கொடுத்த ஷேர் இருக்கிறது. கைக்கு வந்தபோது 4,000, இன்றைக்கு 10,000. வந்து இரண்டு வருடம் தாண்டிவிட்டது. வீட்டுக்கடன் வட்டி, சொத்து வரி எல்லாம் சேர்த்து 26,000 ஆகிறது. நான் கொடுக்கும் நன்கொடைக்குச் சமமாகக் கம்பெனியும் போடும். ஷேராகவே கொடுப்பதா, விற்றுக் கொடுப்பதா? அங்கே நிற்கும் கான்கார்டு விமானத்தைப் பராமரிக்க மட்டும் என்று எழுதிக் கொடுக்கலாமா?

பதில்: முதலில் அப்பாவுக்கு என் வணக்கம். உங்கள் கணக்கில் ஷேரும் வேண்டாம், மொத்தமாகவும் வேண்டாம். சம்பளப் பணத்திலிருந்து வருடத்துக்கு 2,000 டாலர், ஐந்து வருடம் கொடுங்கள்.

பொதுவாக நான் இப்படிச் சொல்வதில்லை. விலை ஏறிய ஷேரை, ஒரு வருடத்துக்கு மேல் வைத்திருந்தால், அப்படியே நன்கொடையாகக் கொடு என்பதுதான் வழக்கமான பதில். விற்றால் லாபம் 6,000-க்கு 15 சதவீதம், அதாவது 900 டாலர் வரி. ஷேராகக் கொடுத்தால் அது மிச்சம். வரி போடும் வருமானத்திலிருந்து முழு 10,000-க்கும் கழிவு கேட்கலாம். இதுவரை சரி. ஆனால் அந்தக் கழிவு உங்கள் கைக்கு எவ்வளவு வந்து சேரும் என்பதுதான் கேள்வி.

2026-இல் தம்பதிக்கு, எந்தச் செலவுக் கணக்கும் காட்டாமலே கழித்துக்கொள்ளும் ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷன் 32,200. அதற்குப் பதில் செலவுகளை ஒவ்வொன்றாகக் காட்டிக் கழித்தால் (ஐட்டமைஸ்), உங்கள் 26,000-உடன் 10,000 சேர்த்து 36,000. இந்த வருடத்திலிருந்து, ஐட்டமைஸ் செய்கிறவர்களுக்கு வருமானத்தில் அரை சதவீதம் வரையிலான நன்கொடை கழிவில் சேராது. உங்களுக்கு அது 1,200. மீதி 34,800. சும்மா இருந்தாலே கிடைக்கும் 32,200-ஐவிட 2,600தான் கூடுதல். 22 சதவீத வரியில் 572 டாலர் மிச்சம். முன்னே சொன்ன 900-ஐயும் சேர்த்தால் 1,472.

இன்னொரு புது விதியும் இதே வருடம் அமலுக்கு வந்திருக்கிறது. ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷன் எடுக்கிற தம்பதி, அதற்கு மேலாக 2,000 டாலர் வரை நன்கொடையைக் கழித்துக்கொள்ளலாம். ரொக்கமாக, நேரடியாக அந்த அமைப்புக்கே போக வேண்டும், ஷேருக்குக் கிடையாது. அரை சதவீதத் தொல்லையும் இதில் இல்லை. வருடத்துக்கு 440 டாலர் மிச்சம், ஐந்து வருடத்துக்கு 2,200. உங்கள் வருமானத்துக்கு வாஷிங்டனில் மாநில வருமான வரி இல்லாததால் கணக்கு இதோடு முடிந்தது. உங்கள் ஐட்டமைஸ் தொகை ஏற்கெனவே 32,200-ஐத் தாண்டியிருந்தால் ஷேரைத்தான் கொடுக்கச் சொல்லியிருப்பேன்.

இப்போது கான்கார்டுக்கு வருவோம். கட்டுப்பாடு போட்டுக் கொடுத்தால் மியூசியம் அதை மதித்தே ஆக வேண்டும்; அந்தப் பணத்தை வேறு எதற்கும் தொட முடியாது. ஆசை புரிகிறது. நானும் அதற்குள் ஏறிப் பார்த்திருக்கிறேன். ஜன்னல் உள்ளங்கை அளவுதான். ஆனால் 2003-இல் வந்த அந்த விமானம் பதிமூன்று வருடம் சியாட்டில் மழையில்தான் நின்றது. அதைக் காப்பாற்றியது 2016-இல் எழுந்த கூரை. அந்த 747-உம் இப்போது அதன் கீழ்தான் நிற்கிறது. ‘கான்கார்டுக்கு மட்டும்’ என்று எழுதிய பணம், கூரை ஒழுகினால் உதவுமா உதவாதா என்று வக்கீலிடம் கேட்க வேண்டிவரும்.

சுண்டைக்காய் கால் பணம், சுமைக்கூலி முக்கால் பணம் என்பார்கள். போயிங் கம்பெனி ஆரம்பித்த மரக்கட்டடம், ‘ரெட் பார்ன்’, 1975-இல் ஒரே ஒரு டாலருக்குக் கிடைத்தது. அதைப் படகில் ஏற்றி ஆற்று வழியே கொண்டுவந்து, புதுப்பித்து, ஜனங்கள் பார்க்கத் திறந்தபோது 1983. போயிங் 727-இன் முதல் விமானத்தை யுனைடெட் ஏர்லைன்ஸ் 1991-இல் சும்மாவே கொடுத்தது. சியாட்டில் பக்கத்து எவரெட் ஊரில் வைத்துத் தன்னார்வலர்கள் சரிசெய்து முடிக்க இருபத்தைந்து வருடம். 2016 மார்ச் 2 அன்று அது கடைசியாக ஒருமுறை பறந்து மியூசியத்துக்கு வந்தது. சுமார் கால் மணி நேரப் பயணம்! கைவேலை இலவசம், சரி. ஷெட், கரண்ட், இன்ஷூரன்ஸ் இலவசமா? யானையைக் கட்டித் தீனி போடுகிற கதைதான். கொலம்பியா விண்கலத்தில் இறந்த மைக்கேல் ஆண்டர்சன் பெயரில் மாணவர்களுக்கு நடத்துகிற திட்டமும், பள்ளிப் பிள்ளைகளின் வகுப்புகளும் அப்படித்தான்: ஒரு வருடம் நடத்திவிட்டு மறு வருடம் நிறுத்தினால் அது திட்டமே இல்லை. லாப நோக்கில்லாத இப்படி ஓர் இடத்துக்கு, அடுத்த வருடமும் வரும் என்று நம்பக்கூடிய, எதற்கும் செலவழிக்கக்கூடிய 2,000 டாலர் பெரிய விஷயம். கம்பெனி போடுவதும் சேர்ந்தால் 4,000.

கம்பெனி சமமாகப் போடும் அந்த மேட்ச்சை விட்டுவிடாதீர்கள். பல கம்பெனிகளில் குறிப்பிட்ட தேதிக்குள் விண்ணப்பிக்காவிட்டால் போயிற்று. கம்பெனி போடும் தொகைக்கு நீங்கள் கழிவு கேட்க முடியாது. 250 டாலரும் அதற்கு மேலும் கொடுக்கும்போது மியூசியத்தின் எழுத்துபூர்வ ரசீது கட்டாயம். விருந்து டிக்கெட் வாங்கினால் சாப்பாட்டின் மதிப்பு போக மீதிதான் நன்கொடை.

ஐந்து வருடம் தருகிறேன் என்று உறுதிமொழிப் பத்திரத்தில் மட்டும் கையெழுத்துப் போடாதீர்கள். ஐடி வேலை இப்போது எப்படி இருக்கிறது என்று உங்களுக்கே தெரியும். வேலை போனால் அந்த வருடம் நிறுத்திக்கொள்ளுங்கள். ஆறு மாதச் செலவுக்குப் பணம் தனியாக இல்லையென்றால், முதல் 2,000-ஐயும் அடுத்த வருடத்துக்குத் தள்ளிப்போடுங்கள்.

அப்பா பெயரில் ரசீது கேட்காதீர்கள். கழிவு உங்களுக்குக் கிடைக்காமல் போகும். ரசீது உங்கள் பெயரில் இருக்கட்டும். யாரைக் கௌரவிக்க என்று எழுதும் இடம் படிவத்தில் இருந்தால் அங்கே அவர் பெயரைப் போடுங்கள். அவருக்கு ஒரு கடிதம் அனுப்ப முடியுமா என்றும் மியூசியத்தில் கேட்டுப் பாருங்கள். மீனம்பாக்கம் மெக்கானிக் என்று சேர்த்து எழுதுங்கள்.