டார்வினும் தோள்சீலையும்

அண்ணாச்சி,
தேரூர் குளத்துப் பறவைகளப் பத்தி எழுதுனதுல பரிணாமத்த அப்படியே ஏத்துக்கிட்டீங்களே. வலுத்தவன் பிழைப்பான்னு சொல்ற கொள்கைய ஒரு எழுத்தாளர் ஆதரிக்கலாமா? பெர்னார்ட் ஷாவே எதுத்தாரு. ஹிட்லர் வரைக்கும் எல்லாம் அதுல இருந்து வந்ததுதானே?
எஸ்., மார்த்தாண்டம்

தம்பி,
ஷா எதுத்தது வாஸ்தவம்தான், 1921-ல வந்த 'பேக் டு மெத்தூசலா' முன்னுரை பூரா அந்தக் கோபம்தான், டார்வின் சொன்ன இயற்கைத் தேர்வுல, அதாவது சூழலுக்குத் தோதானது தங்கும் மத்தது அழியும்ங்கறதுல, மனசுக்கும் நோக்கத்துக்கும் எடமே இல்லையேன்னு. ஆனா அதே ஷாதான் நல்ல மனுசனாப் பாத்துப் பெருக்கணும்ங்கற யூஜெனிக்ஸுக்கு மேடையேறிப் பேசினாரு. அத எதுத்து 1922-ல புத்தகமே போட்டது இங்கிலீஷ் எழுத்தாளர் செஸ்டர்டன். ரெண்டு பேருக்கும் டார்வினிசம் ஆவாது, ஆனா இதுல ஆளுக்கொரு பக்கம்.

டார்வினுக்காக ஊரெல்லாம் சண்டை போட்ட ஹக்ஸ்லி என்ன சொன்னாரு? 1893-ல ஆக்ஸ்போர்டுல பேசும்போது, இயற்கை போற போக்குல போறது அறமில்ல, அத எதுத்து நிக்கதுதான்னாரு. ரஷ்யச் சிந்தனையாளர் க்ரோபோட்கின் சைபீரியாவுல மிருகங்க ஒண்ணுக்கொண்ணு ஒத்தாசையா இருக்கதப் பாத்துட்டு 1902-ல வேற மாதிரி எழுதுனாரு, நல்ல மனுசன், ஆனா அவரும் இயற்கைகிட்டதான் சர்டிபிகேட் கேக்காரு. எனக்கு ஹக்ஸ்லிதான் சரி.

இயற்கைல நீதி தேடுறவங்க ஜன்னல் மூலைல குளவி கட்டுன மண்கூட்ட ஒருதடவ ஒடச்சுப் பாக்கணும். உள்ள சிலந்தியா அடைச்சு வச்சிருக்கும், தொட்டா கால் லேசா அசையும், சாவல, கொட்டி மரத்துப்போக வச்சிருக்கு, புழு பொரிஞ்சு வந்து பச்சையாத் தின்னணும்ல. டார்வினே 1860-ல அமெரிக்கத் தாவரவியலாளர் ஆசா கிரேக்கு எழுதுன கடுதாசில, புழுவ உள்ளயிருந்தே தின்னு வளர்ற ஒரு குளவியச் சொல்லி, கருணையுள்ள கடவுள் இத வேணும்னே படைச்சாருன்னு என்னால நம்ப முடியலங்காரு.

இனி ஹிட்லர் விசயம். 1925-ல அமெரிக்காவுல டேட்டன்ங்கற ஊர் கோர்ட்ல, பள்ளிக்கூடத்துல பரிணாமம் நடத்துன வாத்தியாருக்கு எதிரா வாதாடுன அரசியல்வாதி பிரையனும் ஜெர்மன்காரன் யுத்தவெறிக்கு டார்வினத்தான் கைகாட்டுனாரு. பயம் சும்மா வந்ததில்ல, டார்வின் பேரச் சொல்லி ஏழை செத்தா சாகட்டும்னு பேசினவன் அன்னைக்கு இருந்தான். ஆனா நம்ம ஊர் கதையப் பாருங்க. டார்வின் புத்தகம் வந்தது 1859 நவம்பர்ல. நாடார் பெண்கள் மாரை மறைச்சு உடுத்தலாம்னு திருவிதாங்கூர் மகாராஜா உத்தரவு போட்டது அதே வருசம் ஜூலைல (அதுலயும் மேல்சாதிக்காரங்க மாதிரி உடுத்தக்கூடாதுன்னு கண்டிஷன்). அதுக்கு முன்ன சந்தைல வச்சு சீலைய இழுத்துக் கிழிச்சவன் எவனும் டார்வின வாசிக்கல, பொறப்புலயே நீ கீழன்னு சொல்ல அவனுக்கு சாஸ்திரமே போதுமாயிருந்துச்சு. தாழக்கிடப்பாரைத் தற்காப்பதே தர்மம்னு சொன்ன சாமித்தோப்பு வைகுண்டர் 1851-லயே போயிட்டாரு, அவருக்கும் ஹக்ஸ்லிக்கும் ஒரு சம்பந்தமும் கெடையாது, ஆனா ரெண்டு பேரு சொன்னதையும் பக்கத்துல வச்சுப் பாருங்க.

ஹக்ஸ்லியோட அந்த லெக்சர் நெட்ல சும்மாவே கெடைக்கு. பழைய இங்கிலீஷ், வாக்கியம் நீண்டுக்கிட்டே போவும், நாகர்கோவில் பஸ்ஸுக்கு நிக்க நேரத்துல கொஞ்சங்கொஞ்சமா வாசிச்சிரலாம்.