டாக்டர் வீடியோ பாத்தா பயமா?

கேள்வி: அண்ணிக்கு பித்தப்பைக் கல் ஆபரேஷன் பண்ணப்போற டாக்டர் நெட்ல ஆபரேஷன் வீடியோ பாக்குறாராம், பயமா இருக்கு சார்.

பதில்: பயப்படாதீங்கம்மா, நல்ல பழக்கம் அது. வயித்துல சின்ன ஓட்டை போட்டு கேமரா விட்டு பண்ற லேப்ராஸ்கோபில சர்ஜன் பாக்குறதே கேமரா படம்தான், அதை ரெக்கார்ட் பண்ணா உலகத்துல யாரும் பாத்து கத்துக்கலாம். பிரான்ஸ் ஸ்ட்ராஸ்பர்க்ல இருக்குற இர்காட்ங்கிற சர்ஜரி பயிற்சி நிலையம் நடத்துற வெப்சர்ஜ் தளத்துல இதெல்லாம் இலவசம், இர்காட்டை ஆரம்பிச்ச ழாக் மாரெஸ்கோ 2001ல நியூயார்க்ல உக்காந்தே ஸ்ட்ராஸ்பர்க்ல ஒரு அம்மாவுக்கு ரோபோ வச்சு பித்தப்பையை எடுத்தவரு! குழாயை அடைச்சு வெட்டுறதுக்காக கிளிப் போடுறதுக்கு முன்னாடி பித்தப்பைக்கு போற குழாய் ஒண்ணு, ரத்தக்குழாய் ஒண்ணு, ரெண்டும் தனித்தனியா தெளிவா தெரியணும், தவறி, கல்லீரல்லேருந்து குடலுக்கு பித்தம் போற பொதுப் பித்தநாளத்தை வெட்டிட்டா பெரிய ஆபத்து, அந்த எடத்தை திரும்பத் திரும்ப பாக்குறவர்தான் நமக்கு வேணும். யூடியூப்ல வர்றதுல நிறைய யாரும் சரிபாத்தது இல்ல, அதனால சந்தேகம்னா டாக்டருங்க அவங்க குரூப்ல ஸ்கேனைப் போட்டு கேப்பாங்க, அதுல பேஷண்ட் பேரை கட்டாயம் மறைக்கணும்.