சொட்டு விட்டால் போகிறது, நிறுத்தினால் வருகிறது

கேள்வி: என் மகனுக்கு 9 வயது. மூன்று வருடமாக மாசி, பங்குனி வந்தாலே கண் சிவந்து, ஓயாமல் கசக்குகிறான். உடம்புச் சூடு என்று என் மாமியார் விளக்கெண்ணெய் வைக்கிறார். முதல் வருடம் டாக்டர் எழுதிக் கொடுத்த சொட்டு மருந்தையே மருந்துக்கடையில் வாங்கி விடுகிறோம். இரண்டு நாளில் சிவப்பு போய்விடும். நிறுத்தினால் மறுபடி வந்துவிடும். இது அலர்ஜியா, மெட்ராஸ் ஐயா? நிரந்தரமாகக் குணமாகாதா?
- விருதுநகர் வாசகி

பதில்: முதலில் அந்தப் பாட்டிலை எடுத்துப் பொடி எழுத்தைப் படியுங்கள். மருந்தின் பெயர் டெக்ஸாமெத்தசோன், பீட்டாமெத்தசோன், பிரெட்னிசலோன் என்று 'சோன்', 'லோன்' என முடிகிறதா? அப்படியானால் அது ஸ்டீராய்டு. பல நேரம் ஒரு ஆன்டிபயாட்டிக்கோடு கலந்தே வரும் என்பதால், வீட்டில் அதைச் சாதாரணக் கிருமி மருந்து என்றே நினைத்திருப்பார்கள். இரண்டே நாளில் சிவப்பு போகிறது என்று நீங்கள் எழுதியதைப் படித்ததும் எனக்கு அந்தச் சந்தேகம்தான் வந்தது.

ஸ்டீராய்டு கெட்ட மருந்து இல்லை. அலர்ஜி முற்றும்போது நாங்களே சில நாட்களுக்குக் கொடுப்போம். ஆனால் கேட்பார் இல்லாமல் மாதக்கணக்கில் விட்டால், சிலருக்குக் கண்ணுக்குள் நீர் அழுத்தம் ஏறிவிடும். வலிக்காது, சிவக்காது. பக்கவாட்டுப் பார்வைதான் முதலில் தேயும். அதை ஒன்பது வயதுப் பையன் சொல்லத் தெரியாமல் பந்தைத் தவறவிட்டுக்கொண்டிருப்பான். அந்த அழுத்தத்தால் பார்வை நரம்பு பழுதாகிவிட்டால், போன பார்வை திரும்பாது. கண்புரையும் வரலாம். எனவே இந்த வாரமே கண் மருத்துவரிடம் காட்டி அழுத்தத்தை அளந்துவிடுங்கள்.

சரி, இது என்ன நோய்? மெட்ராஸ் ஐ என்றால் வீட்டில் இன்னும் இரண்டு பேருக்காவது ஒட்டியிருக்கும், ஓரிரு வாரத்தில் போயிருக்கும். வருடா வருடம் அதே மாதத்தில் வாசலில் வந்து நிற்காது. அரிப்புதான் அலர்ஜியின் அடையாளம். இந்த வயதுப் பையன்களுக்கு, வெயிலும் புழுதியும் உள்ள ஊர்களில் வருவது பெரும்பாலும் 'வெர்னல்' என்ற வகை. மேல் இமையைத் திருப்பிப் பார்த்தால் உள்பக்கம் பலாப்பழத் தோல் மாதிரி முண்டு முண்டாக இருக்கும். பீளை நூலாக இழுபடும். ஒவ்வொரு தடவை கண் சிமிட்டும்போதும் அந்த முண்டுகள் கருவிழியை உரசுவதால் புண்ணாகிவிடுவதும் உண்டு. வெளிச்சத்தைப் பார்க்க முடியவில்லை, வலிக்கிறது என்றால் அன்றைக்கே காட்ட வேண்டும்.

உங்கள் மாமியார் சொல்வதில் பாதி சரி. சூடான, வறண்ட மாதங்களில் இது கூடத்தான் செய்யும். ஆனால் விளக்கெண்ணெய், நந்தியாவட்டைச் சாறு, தாய்ப்பால் எதுவும் கண்ணுக்குள் போக வேண்டாம். அவற்றோடு கிருமியும் போகும்.

கசக்குவதை நிறுத்துவதுதான் பாதி வைத்தியம். அரிப்பைக் கிளப்பும் ஹிஸ்டமின், இமைக்குள் இருக்கும் சில செல்களில் அடைபட்டிருக்கிறது. கசக்கக் கசக்க அது இன்னும் வெளியே கொட்டும். வருடக்கணக்கில் கசக்கினால் கருவிழி மெலிந்து கூம்பாகப் பிதுங்கும் ஆபத்தும் உண்டு. "கசக்காதே" என்று அதட்டிப் பயனில்லை, அவனால் முடியாது. ஐஸ் கட்டியைக் கைக்குட்டையில் சுற்றி, மூடிய இமை மேல் ஐந்து நிமிடம் வையுங்கள். டாக்டர் சம்மதத்தோடு, கண்ணீர் போன்ற சொட்டு ஒன்றை ஃப்ரிட்ஜில் வைத்துச் சில்லென்று விட்டால் அரிப்பு சட்டென்று அடங்கும்.

மருந்தில் முக்கியமானது ஓலோபடடின் போன்ற அலர்ஜி சொட்டு. கண் சிவந்த பிறகு தேடாமல், தை மாதக் கடைசியிலேயே தொடங்கலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். அதற்கும் அடங்காதவர்களுக்கு சைக்ளோஸ்போரின், டாக்ரோலிமஸ் இருக்கின்றன. மெதுவாகத்தான் வேலை செய்யும். இரண்டு சொட்டு விட வேண்டியிருந்தால் நடுவே ஐந்து நிமிடம் விடுங்கள். வெளியே போனால் தொப்பியும் கண்ணாடியும், விளையாடி வந்ததும் முகம் கழுவல், வாரம் ஒரு முறை தலையணை உறையை வெந்நீரில் அலசல். இவை போதும், மகரந்தத்துக்குப் பயந்து ஊரிலுள்ள சீமைக்கருவேலத்தை எல்லாம் நீங்கள் வெட்டிப்போட முடியாது.

நிரந்தரக் குணம் கேட்டீர்கள். ஒரே மூச்சில் தீர்க்கும் மருந்து இல்லை, ஆனால் பெரும்பாலான பையன்களுக்கு மீசை அரும்பும் வயதைத் தாண்டும்போது தானாகவே தணிந்துவிடுகிறது. அதுவரை கண்ணைப் பழுதில்லாமல் கொண்டுசெல்வதுதான் நம் வேலை. டாக்டரிடம் போகும்போது அந்தப் பாட்டிலைக் கையோடு எடுத்துப் போங்கள். இதுவரை எத்தனை பாட்டில் விட்டிருப்பீர்கள் என்றும் கூச்சப்படாமல் சொல்லுங்கள்.